பாதி அறிக்கை

மார்ச் 4, 2014
ஏரியின் கணினி மாதிரியை இன்றும் ஓட்டிப் பார்த்தேன். அதே பதில். பெரிய மீன்கள் இப்படியே குறைந்து, வயல்களின் உரத்தண்ணீரும் இப்படியே வந்து கலந்தால், ஏதோ ஒரு கோடையில் ஏரி சட்டென்று பாசி மண்டிப் பச்சையாகிவிடும். பிறகு மீளாது. மீன் பிடிப்பது, உரத்தண்ணீர் கலப்பது இரண்டையும் நிறுத்தச் சொல்லி அறிக்கை எழுதியாயிற்று. அந்த ஏரியில்தான் அண்ணன் வலை போடுகிறான். அவனிடம் யார் சொல்வது?

மார்ச் 9
நானே சொன்னேன். வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.
"எத்தனை வருஷம்?"
"அஞ்சு."
"அஞ்சு வருஷம் நான் என்னடி பண்ணட்டும், பட்டம் விடவா?" என்று சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

ஜூன் 17
மீன் பிடிக்கத் தடை வந்துவிட்டது. உரத்தண்ணீரைப் பற்றி மூச்சே இல்லை. அதிகாரியிடம் போய்க் கத்தினேன். "விவசாயிங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க மேடம். வலை போடுறவங்க கொஞ்சப் பேர்தான். முடிஞ்சதை முதல்ல செய்வோம்" என்றார்.
முடிஞ்சதாம்!

ஜூன் 20
அண்ணன் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 2
அண்ணி பேசினாள். படகை விற்றுவிட்டானாம். நகரத்தில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். "உன் மேல கோபமெல்லாம் இல்லம்மா. உன் பேச்சை எடுத்தா எழுந்து வெளியே போயிடுறார், அவ்வளவுதான்."
அதுக்குப் பேர் என்ன அண்ணி? கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, 2017
ஏரி பச்சையாகிவிட்டது. கரை நெடுக மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு சோதனைக்குத் தண்ணீர் எடுத்தோம். கூட வந்த ஆய்வாளர், "உங்க கணக்கு அப்படியே பலிச்சிடுச்சு" என்று கை கொடுத்தார். பலிக்கணும்னா கணக்குப் போட்டேன்? அப்போ அண்ணன் படகை வித்தது எதுக்கு? எதுக்குமே இல்லையா?

ஜனவரி 19, 2018
ஏரி பற்றிய கட்டுரைக்கு விருது. மேடையில் நன்றி சொல்லும்போது அண்ணன் பெயர் நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மே 6
அண்ணனே கூப்பிட்டான். போனேன். ஒற்றை அறை, மாடிப்படிக்குக் கீழே சமையல். முதுகு வலிக்குப் பட்டை கட்டியிருந்தான்.
"அண்ணா, அன்னிக்கு அந்த அறிக்கையில நான்—"
"சோறு ஆறுது, உக்காரு."
தட்டில் வறுத்த மீனை வைத்தான். "கடைல வாங்குனது. ஐஸ் மீன்தான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மீனை விலைக்கு வாங்கியதில்லை.
"நல்லா இருக்குண்ணா" என்றேன். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.