இரண்டாம் கிரேடு

நவ. 4, திங்கள்
விடாத மழை. பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டு தி.நகர் நர்சிங் ஹோம். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன், 15ஆம் தேதி, வெள்ளி. மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. ஆஸ்துமா உண்டா? உண்டு. பம்ப்? தினமும். கடைசியாக இழுத்தது? போன வருஷம். "அப்போ கிரேடு ரெண்டு. எந்த நோயும் இல்லாதவங்க ஒன்னு. நோய் இருந்தும் கட்டுக்குள்ள இருந்தா ரெண்டு. பயப்பட ஒன்னுமில்ல."

நான் பயப்படவில்லை. கூட வந்த இவர்தான். பஸ் பாண்டி பஜார் தாண்டியதும், "ஒன்னு குடுக்க மாட்டாங்களா?" ரேங்க் கார்டோடு என்னிடம் வரும் அப்பாக்களின் அதே குரல்.

நவ. 8, வெள்ளி
வலி. காலையில் வாந்தி. எட்டாம் வகுப்புப் பேப்பர் கட்டு பிரிக்காமல் அப்படியே.

நாத்தனார் ஸ்டெல்லா, கோடம்பாக்கத்திலிருந்து, ஆப்பிளோடு. தம்பியிடம்: "பம்பெல்லாம் கடைசி கட்டத்துல குடுக்கறதுடா. அதைப் பாத்துதான் ரெண்டு போட்டிருக்காங்க." அவர் போனதும் இவர், "ஆபரேஷன் வரைக்கும் நிறுத்திப் பாரேன். பம்ப் இல்லாமலே நல்லா இருந்தா ஒன்னு போட்டுடுவாங்க." அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். வாதாடத் தெம்பில்லை. சரி என்றேன்.

நவ. 10, ஞாயிறு
துணி எதுவும் காயவில்லை. மூச்சு ஒழுங்காக. "பாத்தியா?" என்றார் இவர். எனக்கும் ஒரு நப்பாசை, நோயே போய்விட்டதோ என்று. முட்டாள்தனம்.

நவ. 13, புதன்
பள்ளி மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். சாயங்காலம் நர்சிங் ஹோம். டாக்டர் முதுகில் ஸ்டெத் வைத்தார், நகர்த்தினார், மறுபடி வைத்தார். "விசில் கேக்குதே. பம்ப்ப விட்டுட்டீங்களா?" நான் வாய் திறக்குமுன் இவர், "நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன்."

டாக்டர் திட்டவில்லை. "பம்ப் போட்டதால ரெண்டு இல்ல சார். பம்ப் போட்டு அடக்கி வெச்சிருந்ததாலதான் ரெண்டோட நின்னுது. இப்போ மூணு. இந்த நெஞ்சுக்கு நான் மயக்கம் குடுக்க மாட்டேன்." ஆபரேஷன் 25க்குத் தள்ளிப் போனது. அன்று காலையும் பம்ப் போட்டுவிட்டுத்தான் வரவேண்டுமாம். அதுவரை இந்த வலி.

கோபம். இவர் மேல், ஸ்டெல்லா மேல், சரி என்ற என் மேல். சமைக்கவில்லை. இவர் இட்லி வாங்கி வந்தார்.

நவ. 19, செவ்வாய்
மூச்சு தேவலை. காலை மாலை "போட்டியா, போட்டியா" என்று இவர். எரிச்சல். பேப்பர் பாதி திருத்தியாயிற்று.

நவ. 24, ஞாயிறு
நேற்று டாக்டர் பார்த்தார். விசில் இல்லை. மறுபடி ரெண்டு. ஆபரேஷன் நாளை காலை.

பூசைக்கு முன், மாதா கோயில் வாசலில் ஸ்டெல்லா. "இன்னும் பம்ப்ப விடலையா இவ?"

"விடலக்கா. விடவும் மாட்டா." அக்காவை எதிர்த்து இவர் பேசி நான் கேட்டதில்லை. "அம்மாவ ஆபரேஷனுக்கு உள்ள அனுப்பிட்டு நாம ரெண்டு பேரும் வெளிய உக்காந்திருந்தோம். திரும்பியே வரல. நாளைக்கு நான் மறுபடி உக்காரணும். நீ ஒன்னும் சொல்லாத."

மாமியார் காய்ச்சலில் போனார் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். என்னிடம் இவர் சொன்னதே இல்லை. ஸ்டெல்லா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். மணி அடித்துவிட்டது. இவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.