மழை இல்லாமல் ஏறிய தண்ணீர்

இன்று வெயில் வந்தது. அருவங்காட்டு மலையில் இந்த மாதத்துக்கு அதிசயம்தான். கம்பளித் துணிகளைக் கொடியில் போடும்போது உங்கள் பழுப்பு ஸ்வெட்டர் கைக்கு வந்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதை இழுத்து நீளமாக்கியது நான்தான்.

உங்கள் ஃபேக்டரி லீவில் குடும்பத்தோடு அந்தமான் போனோமே, அப்போது நடந்தது. மலைக்காரர் புத்தி, கொளுத்துகிற தீவுக்கும் ஸ்வெட்டரோடுதான் வந்தீர்கள். "கழட்டித் தொலைங்க, ஊரே சிரிக்குது" என்றேன். கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டீர்கள்.

அன்று காலை கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. பாறைமேல் நடந்தே எதிரே தெரிந்த திட்டுக்குப் போய்விடலாம். கரையில் டீக்கடை வைத்திருந்த தமிழர், "பதினோரு மணிக்குள்ள திரும்பிருங்க சார், தண்ணி ஏறிடும்" என்றார். நீங்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டீர்கள்.

திட்டின் பாறைக் குழிகளில் நீல நட்சத்திர மீன்கள் இருந்தன. கறுப்பாக ஒன்று உருண்டு கிடந்தது. கடல் அட்டை என்று நீங்கள் சொன்னதுதான் தாமதம், ஆறு வயது மாலா, "அய்யோ, உப்புப் போடும்மா!" என்று கத்தினாள். கடலுக்குள் நின்றுகொண்டு உப்புக் கேட்கிறாளே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

பத்தரைக்கு, "கிளம்பலாம் புள்ள" என்றீர்கள். எனக்குச் சிப்பி பொறுக்கும் ஆசை விடவில்லை. "ஏனுங்க, வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல. மழையே இல்லாம தண்ணி எங்கிருந்துங்க ஏறும்?" என்றேன். நமக்குத் தெரிந்த தண்ணீர் அப்படித்தான். மேலே பெய்தால் ஓடையில் வரும், மழை விட்டால் வடியும். மறுபடி கூப்பிட்டீர்கள். மூன்றாம் தடவையும் கூப்பிட்டீர்கள். நான் தலை நிமிரவே இல்லை.

நிமிர்ந்தபோது வந்த வழியைக் காணோம். நமக்கும் கரைக்கும் நடுவே கடல். மூன்று பேருக்கும் நீச்சல் தெரியாது. மாலாவைத் தோளில் ஏற்றிக்கொண்டீர்கள். இடுப்பு ஸ்வெட்டரை இறுக்கி முடிந்து அதன் ஒரு கையை என்னிடம் தந்து, "என்ன ஆனாலும் உடாத" என்றீர்கள். தண்ணீர் என் கழுத்துவரை வந்தது. கரையேறிய பிறகும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஊர் திரும்பியதும் உங்கள் அக்கா விசாரித்தார். உண்மை தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பயத்தில் முந்திக்கொண்டேன். "உங்க தம்பிதானுங்க, சொல்லச் சொல்லக் கேக்காம அங்கேயே நின்னுட்டாரு." நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். "ஆமாக்கா, நேரம் பாக்காம உட்டுட்டேன்" என்று டீயைக் குடித்தீர்கள்.

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் உங்களைத்தான் கிண்டல் செய்தார்கள். ஒருநாள் நானாக அந்தப் பேச்சை எடுத்தேன். "உடு புள்ள, கரையேறியாச்சில்ல" என்று முடித்துவிட்டீர்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. சண்டை வந்தால் நானே அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். வெட்கக்கேடு.

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. இன்று மாலாவுக்குப் போன் போட்டு, "அன்னைக்கு அப்பா மேல தப்பில்ல. நாந்தான் வரமாட்டேன்னு நின்னேன்" என்றேன்.

மாலா சொன்னாள். "அப்பா கூப்பிட்டுட்டே இருந்தது எனக்கு லேசா ஞாபகம் இருந்துச்சும்மா. காலேஜ் படிக்கறப்ப அவருகிட்டயே கேட்டேன். 'இல்ல கண்ணு, அம்மா அப்பவே போலாம்னு சொன்னா, நாந்தான் கேக்கலை'ன்னாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பெற்ற மகளிடமாவது நிஜத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா? அப்புறம் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது உங்கள் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. உரக்கத்தான் சொல்ல வேண்டும்.