சன்னாசியிடம் சத்தியம் கேட்காதே

சுங்காய்
பிரபவ வருஷம், கார்த்திகை மாதம்

சிரஞ்சீவி பத்துமலைக்கு உன் அம்மா நல்லம்மாள் ஆசி கூறி எழுதச் சொன்னது. இங்கே நான் சுகம், ஆடு இரண்டும் சுகம், கோழிகள் உடும்பு கொண்டுபோனது போக மீதி சுகம். சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க மாரியம்மன் காப்பாள். உன் அண்ணன் சன்னாசி சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்றால் அதுவும் முழு உண்மையில்லை, அதைச் சொல்லத்தான் இத்தனை பெரிய காகிதம். இதை எழுதுகிறவர் நம் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் கார்த்திகேசு. நல்லொழுக்கச் சங்கத்தின் காரியதரிசியும் அவரேதான். சங்கத்தைப் பற்றி நான் சொல்லப்போவதையெல்லாம் தன் கையாலேயே எழுத வேண்டியிருப்பது அவர் தலைவிதி. ஓர் எழுத்தை விழுங்கினாலும் வேறு ஆளிடம் வாசிக்கக் கொடுத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. தை மாதம் இங்கே நடக்கிற உன் கல்யாணத்தில் அப்பா இல்லாத குறைக்கு அவர் இடத்தில் அண்ணன்தான் நிற்க வேண்டும், ஆனால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து இனி மார்பியா ஊசி போடமாட்டேன் என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்தால்தான் பந்தலுக்குள் வரலாம் என்று எழுதியிருக்கிறாய். நல்ல யோசனைதான் தம்பி, ஆனால் பழைய யோசனை. அவன் ஏற்கெனவே மூன்று தரம் அணைத்துவிட்டான். நீ கவலைப்படுவாய் என்று உனக்கு எழுதவில்லை, இப்போது தெரிந்துகொள். ஈப்போவில் ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்து இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, வலி போகும் என்று யாரோ சொல்லி ஒரு சந்துக்குள் ஊசிக்காரனிடம் போனான் அல்லவா, அந்த ஊசிக்காரன் ஒரே ஊசியைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் குத்துகிறவன். வலி போனது, ஊசி போகவில்லை. தோட்டத்துக்குத் திரும்பி வந்ததும் நம் சங்கத்தார் அவனைக் கோயிலுக்கு இழுத்துப்போய், மேளம் வைத்து, சூடம் அணைக்கச் சொல்லி, மாலையும் போட்டார்கள். சங்கத் தலைவர் பெரிய கங்காணி ராமையா ஒழுக்கத்தைப் பற்றித் தொண்டை வறளப் பேசினார். வறண்ட தொண்டையை நனைக்க நேரே கள்ளுக்கடைக்குத்தான் போனார், அதையும் எழுதும் வாத்தியாரே. மாலை வாடுவதற்குள் உன் அண்ணனுக்குக் கை கால் உதறி, வாந்தியெடுத்து, எலும்பை முறித்துப்போட்டது போலாகிவிட்டது. உடம்பு கேட்டதைச் சூடம் கொடுக்குமா, மறுபடி ஊசிக்குப் போனான். மறுபடி மேளம், மறுபடி சூடம். மூன்றாம் தரம் ராமையா, ‘இந்தத் தரமும் தவறுனே, பெத்தவ கண்ணு ரெண்டும் போயிரும், ஆத்தா விடமாட்டா’ என்று சேர்த்துச் சொல்லி வைத்தார். சொல்வதற்கென்ன, கண் அவருடையதா?

தவறினான். தவறியதும் தோட்டத்தை விட்டே ஓடிவிட்டான். ஊசிக்காகத்தான் ஓடினான் என்று எல்லோரும் சொன்னார்கள், பெற்ற நானும் அப்படித்தான் திட்டினேன். நம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஐயாவு மருந்து எடுக்க ஈப்போ போனவர், ஒரு கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் இவன் சாக்கு விரித்துப் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். ஊசி குத்திய கை சீழ் வைத்துத் தேங்காய் பருமன். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதற்கு, ‘அம்மாவுக்குக் கண்ணு தெரியுதா அண்ணே, நான் எந்த முகத்தோட வருவேன்லா’ என்று கேட்டு முகத்தை மூடிக்கொண்டானாம். இதைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்தியது ஊசியில்லை, சத்தியம். மறுநாளே ரயில் ஏறினேன். அவன் முன்னால் அந்த அஞ்சடியிலேயே உட்கார்ந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த தையல் ஊசியை எடுத்து ஒரே தரத்தில் நூல் கோத்துக் காட்டினேன். படுபாவி, குழந்தை மாதிரி அழுதான். நானும் அழுதேன், போகிற வருகிற சீனர்களெல்லாம் நின்று பார்த்தார்கள், எனக்கென்ன வெட்கம்.

அன்றைக்கே தோட்டத்துக்குக் கூட்டி வந்தேன், ஐயாவு கையைக் கீறிச் சீழெடுத்தார். தோட்டத்துக்கு வந்துபோகிற வெள்ளைக்கார டாக்டரிடம் உத்தரவு வாங்கி, காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆளெல்லாம் வேலைக்காட்டுக்குப் போனதும், கொதிக்க வைத்த ஊசியால் அவரே அதே மார்பியாவை அளந்து போடுகிறார், அளவை மெல்ல மெல்லக் குறைக்கிறார். சூடமும் இல்லை, மேளமும் இல்லை. விஷத்தை விஷத்தால் எடுக்கிறதா என்று சங்கத்தார் திரண்டு வந்து சண்டை போட்டார்கள். கவர்மெண்டு பலகை மாட்டிச் சண்டு அபினி விற்கிற கடை முன்னால் போய் இதே சண்டையைப் போடுங்களேன் என்றேன், ஒருவரையும் காணோம். இவ்வளவும் எழுதும்போது வாத்தியார் நாலைந்து தரம் மூக்குப்பொடி போட்டுவிட்டார். இப்போதே சூடம் ஏற்றட்டுமா, பொடியை இன்றோடு விட்டுவிடுவீரா என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘பழகிப்போச்சு ஆத்தா, கொஞ்சங் கொஞ்சமாத்தான் விடணும்’ என்கிறார். டிரஸ்ஸர் சொல்கிறதும் அதுதானே ஐயா.

நடுவில் ஒரு தரம் மறுபடி ஈப்போ ஓடினான், மறைக்கவில்லை. ஆனால் மறுநாளே திரும்பி ஆஸ்பத்திரி வாசலில் தலை குனிந்து நின்றான். ஐயாவு, ‘வந்துட்டியா, நல்லதாப் போச்சு, உக்காரு’ என்று சொல்லி ஊசியைக் கொதிக்கப் போட்டாராம். சத்தியம் பண்ணியிருந்தால் வந்திருப்பானா, அஞ்சடியிலேயே செத்திருப்பான். இப்போது புல் வெட்டுக்குப் போகிறான், சோறு இறங்குகிறது, முகத்தில் பழைய களை கொஞ்சம் வந்திருக்கிறது. அப்படியிருக்கையில்தான் உன் கடிதம். வாத்தியார் அதைப் பள்ளிக்கூடத்துக் குரலில் வாசித்தார், லயத்து வீட்டுப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நேற்றுக் காலை கடையில் சூடம் வாங்கிக்கொண்டு, ‘தம்பி ஆசைப்படுறான்லா, அணைச்சிட்டுப் போறேன்’ என்று கிளம்பிவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நானே கோயிலுக்குப் போனேன், நானே ஏற்றி நானே அணைத்தேன். என் வீட்டில் இனி யாரும் இவனிடம் சத்தியம் கேட்கமாட்டார்கள், கேட்டால் என் கண் இரண்டும் போகட்டும் என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். உள்ளங்கை கொப்புளித்துப்போனது. ராமையா சொன்ன சட்டம்தான் தம்பி, ஆத்தா விடமாட்டாளாம்.

முகூர்த்தத்தை விடியற்காலையில் வைக்காதே. அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து போட்டுக்கொண்டு, குளித்து, வேட்டி கட்டி, உன் பக்கத்தில் வந்து நிற்க நேரம் வேண்டும். ஜோசியர் முனகினால் நான் பேசிக்கொள்கிறேன். நீயும் பெண்டாட்டியும் பதினாறும் பெற்று, யார் வீட்டிலும் உங்களை வாசலில் நிறுத்தாதபடி வாழ வேண்டும். வரும்போது எனக்குச் சிங்கப்பூர் தையல் ஊசி ஒரு பொட்டலம் வாங்கி வா. அதில் நூல் கோக்க எனக்குக் கண் இருக்குமா என்பது உன் வாயில் இருக்கிறது.

உன்னைப் பெற்ற
நல்லம்மாள், கைநாட்டு

எழுத்து: கார்த்திகேசு. சங்கக் காரியதரிசி என்று போடவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.