சாவி அத்திப்பட்டில் இருக்கிறது

ஜூன் 3, செவ்வாய்

கம்ப்ரசர் மறுபடி நின்றது. ஓட வைத்துவிட்டு ‘ஷிப்டு மேடை’யைத் திறந்தேன். ஆலைகளில் பழுது பார்ப்பவர்களுக்கான இணைய மன்றம்; கும்மிடிப்பூண்டியில் என்னோடு வேலை செய்யும் குணாதான் நடத்துகிறான். “மோட்டார் பேஜாரு பண்ணுது, நைனாவத்தான் கேக்கணும்” என்று காலையில் எழுதியிருந்தேன். கோவைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நைனா நல்ல மெக்கானிக்குங்களா? நம்பர் கிடைக்குமுங்களா?”

நைனா என்றால் எங்க அப்பா. கவரப்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறார். ஆக, மனுஷன் அதைப் பேர் என்று தப்பாகப் புரிந்துகொண்டு சரியான ஆளிடம் வந்திருக்கிறார். நம்பர் கொடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

சாராள் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வால்வு திறக்க வழி கேட்ட ஒருவருக்கு “பையத் திறங்க” என்று எழுதினாள். “எந்தப் பை?” என்றார் அவர். அவ்வளவுதான். மஞ்சப்பை, டூல் பை, பள்ளிக்கூடப் பை என்று ஆளாளுக்குப் படம் போட்டார்கள். அவளும் தன் சாப்பாட்டுப் பையைப் போட்டு, “இதத் திறந்தா புளிசோறுதான் வரும். ‘பைய’ன்னா எங்கூர்ல மெதுவா” என்றாள்.

நான் எழுதினேன்: “மெதுவான்னு எழுதத் தெரியாதா? ஊர்ப்பேச்செல்லாம் இங்க கொண்டாந்து கொட்டாதீங்க.”

வேலையில் தெளிவு வேண்டாமா? இதில் என்ன தப்பு?

ஜூன் 6, வெள்ளி

எனக்குப் பூட்டு.

மெஷினுக்குள் கை வைக்குமுன், வேறு யாரும் ஓடவிட்டுவிடாதபடி மெயின் சுவிட்சில் அவரவர் சொந்தப் பூட்டைப் போடுவோம். போட்டவர்தான் திறக்கலாம், மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. மன்றத்திலும் அதே முறை. ஒருவர் பேச்சு வலித்தால் அவர் பெயருக்குப் பூட்டுப் போடலாம். பிறகு அவர் படிக்கலாம், எழுத முடியாது. ‘அன்பு’ என்ற என் பெயருக்கு மேல் சிவப்பாக: ‘போட்டவர்: சாராள்.’

இந்த யோசனையைக் குணாவுக்குக் கொடுத்தவனே நான்தான்.

ஜூன் 9, திங்கள்

குணாவை எடுக்கச் சொன்னேன். டீயை ஊதிக்கொண்டே சிரிக்கிறான். “அடுத்தவன் பூட்ட ஒடச்சா வேல போய்டும்னு புதுசா வர்றவங்களுக்கு நீதான மச்சி கிளாஸ் எடுக்கற? அந்தப் பொண்ணாண்டயே போய் கேளு.”

“இன்னான்னு கேக்கறது?”

“அது உன் பேஜாரு.”

ஜூன் 11, புதன்

காசில்லை என்பதற்கு யாரோ ‘டப்பு இல்லை’ என்று எழுத, டப்பா என்று நினைத்து ஒருவர் அளவு கேட்கிறார். சாராள் பதில்: “எந்த அளவானாலும் சம்பள நாள் வரைக்கும் காலிதான்.” சிரித்துவிட்டேன். பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சீண்ட வேண்டும் — முடியாது.

இரண்டு வருஷமாக அவளோடு தினம் சண்டை. பூட்டா பிரச்சினை? இனி அவள் என்னோடு பேசவே மாட்டாளோ?

ஜூன் 15, ஞாயிறு

குணா சாராளிடம் சொல்லிவைத்திருந்தான். அத்திப்பட்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை.

“பேரு மட்டும் அன்பாக்கும்” என்றாள்.

“தப்புதாங்க. மன்னிச்சுடுங்க. பூட்ட எடுத்துடுங்க.” எல்லாம் ஒரே மூச்சில்.

“பூட்ட எடுக்கதுக்கு முன்னால என்ன பாக்கணும்?”

“உள்ள யார் கையும் இல்லன்னு பாக்கணும்.”

“என் கை இன்னும் உள்ளதான் இருக்கு. சைட்ல வாயத் திறந்தாலே நக்கல் அடிக்காவ. அந்த மன்றத்துலதான் எங்க வீட்டுப் பேச்சப் பேசுவேன். அதப் போய் கொட்டாதன்னு சொல்லிட்டிய.”

 

“நான் வீட்ட ‘ஊடு’ன்னா எங்க ஆபீஸ்ல சிரிப்பாங்க. எவ்ளோ கோவம் வரும் தெரியுமா. அதயே உங்களுக்குப் பண்ணிட்டேன்” என்றேன்.

தண்டவாளத்தை எட்டிப் பார்த்தாள். “ரயில் வருது. கிளம்புங்க.”

பூட்டு அப்படியேதான்.

ஜூன் 18, புதன்

இன்னும் இருக்கிறது. கேட்கப்போவதில்லை. அவள் பூட்டு.

ஜூன் 20, வெள்ளி

பூட்டு இல்லை.

எழுத எவ்வளவோ சேர்ந்து கிடந்தது. புதிதாக ஒருவர் வால்வைப் பற்றிக் கேட்டிருந்தார். “பையத் திறங்க” என்று மட்டும் எழுதினேன்.

“எந்தப் பைங்க?” என்றார் கோவைக்காரர்.

நான் பதில் சொல்வதற்குள் சாராளின் சாப்பாட்டுப் பை வந்து விழுந்தது.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று போன் செய்தாள். “நாளைக்கு இந்தப் பக்கம் வாரியளா? புளிசோறு கெட்டிட்டு வாரேன்.”

“பைய வரேன்” என்றேன்.

முதல் ரயிலிலேயே அத்திப்பட்டில் இறங்கிவிட்டேன். அவள் வர இன்னும் நேரம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.