பத்திரிகைத் தட்டும் பகல் தூக்கமும்

செவ்வாய், இரவு.

மல்லசமுத்திரத்து அத்தை மீது உலகத்திலுள்ள எல்லா நீதிமன்றங்களிலும் ஒரே நாளில் வழக்குப் போட வேண்டும். கொதிப்பு இன்னும் அடங்கவில்லை.

தங்கை ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுத்தாள். சூரமங்கலம் ஜங்ஷன் ரயில்களையே நிறுத்திவிடும் அதிகாரத்தோடு நான் வாசலில் காவல் இருந்தேன். காலிங்பெல் வயரைக்கூடப் பிடுங்கிவிட்டேன்.

நடுப்பகலில் அத்தை கல்யாணப் பத்திரிகைத் தட்டோடு வந்து நின்றார்.

"அவள எழுப்பு சாமி. ஊட்டுப் பொம்பள கையிலதான் பத்திரிக்கை வெக்கோணும்."

"தூங்கறா அத்தை. என்ற கையில வெய்யுங்க."

"பட்டப்பகல்ல என்ன தூக்கம்? ராத்திரிக்குத் தூங்கிக்கட்டும்."

"ராத்திரி இவ தூங்குனா, வார்டுல கெடக்கறவங்கள நீங்களா வந்து பாப்பீங்க?" மேட்டூர் அணையின் மதகுகள் அத்தனையும் ஒன்றாகத் திறந்ததுபோல் முழங்கினேன்.

கதவு திறந்தது. சிவந்த கண்களோடு தங்கை தட்டை வாங்கிக்கொண்டாள். அத்தைக்குச் சோறு வடித்து, ரசம் வைத்து, பிரஷரும் பார்த்து அனுப்புவதற்குள் மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். தங்கையின் தூக்கம் அவ்வளவுதான்.

வேலைக்குக் கிளம்பியவளிடம் அத்தையைத் திட்டித் தீர்த்தேன்.

"அத்தை மெதுவாத்தானுங்கண்ணா பேசுச்சு. நா முழிச்சதே உங்க சத்தத்துலதான்" என்றாள்.

என்ன அநியாயம்! என்னைக் கத்த வைத்தது யாராம்? இந்நேரம் ஒரு வார்டு முழுக்க அவளுடைய தூங்காத கண்ணை நம்பிக் கிடக்கிறது.

நாளைக்கு வெளியே பூட்டைத் தொங்கவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வேன். இல்லை, என் குரலுக்கு அந்தத் தூரம் போதாது. ஜங்ஷன் டீக்கடைக்கே போய்விட வேண்டியதுதான்.