மூலையில் இருந்த பெயர்

மார்ச் 3, 2025, திங்கள்

என் சினிமா விமர்சன இணையதளத்துக்குப் படக் கம்பெனியிடமிருந்து நோட்டீஸ். திருமழபாடியில் எடுத்த படத்தின் ஸ்டில்களை விதிமீறிப் போட்டிருக்கிறேனாம். ஏழு நாளில் சரிசெய்யாவிட்டால் தளத்தையே முடக்கச் சொல்வார்களாம். பதினொரு வருட எழுத்து. கல்லூரி வேலையிலிருந்து என்னை அனுப்பிய பிறகு எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

யார் போட்டுக்கொடுத்தது? ஜெயப்பிரகாஷ்தான். என் விமர்சனத்தை வரிக்கு வரி யூடியூபில் வாசிக்கிறவன்.

மார்ச் 4

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன். "சார், நானே கூகுள்ல சுட்டுப் போடுறவன். நான் போயி கம்ப்ளெய்ன்ட் குடுப்பனா?" என்று சிரித்தான். நியாயம்தான். அதனாலேயே நம்பவில்லை.

மார்ச் 6

நோட்டீசை மனைவி சாந்தா முழுதும் படித்தாள். நான் முதல் பாராவிலேயே கோபப்பட்டு நிறுத்தியிருந்தேன்.

"ஏங்க, படம் போட்டது தப்பில்லீங்க. விமர்சனம் எழுதுறவங்களுக்கு அவங்களே குடுத்த படம்தான். வெட்டாம, எடுத்தவரு பேரோட போடணுமாம். நீங்க மூலைய வெட்டிட்டீங்களாம். பேர வெட்டுற புத்தி எங்கேருந்து வந்துச்சு?"

வெட்டினேன். அந்த மூலையில் இருந்தது சிங்காரவேலுவின் பெயர். கல்லூரியில் என்னோடு படித்தவன், இப்போது அரியலூரில் ஸ்டில் போட்டோகிராபர். அங்கிருந்து இங்கே ஒரு மணி நேரப் பஸ்தான். மகள் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வீட்டுக்கு வந்து தட்டில் வைத்துக் கொடுக்கும் அளவுக்கு நான் அவனுக்கு ஓர் ஆள் இல்லை. அவன் பெயர் என் தளத்தில் எதற்கு?

'நன்றி: படக்குழு' என்று போட்டிருந்தேனே. போதாதா?

மார்ச் 7

போதாதாம். கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன்.

மார்ச் 8, சனி

அரியலூர். அவன் ஸ்டுடியோவில் காபி கொடுத்தான். தொடவில்லை.

"நீதான சொன்னது?"

"நான்தான். முப்பத்தோரு படம்டா கண்ணையா. ஒண்ணுலயாச்சும் எம்பேரு இருக்கான்னு தேடிப் பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"பத்திரிகைய வூட்டுக்கு வந்து வச்சியா?"

காபியை என் பக்கம் நகர்த்தினான். "யாருக்கும் வைக்கலடா. ஷூட்டிங்குல கெடந்தேன். கல்யாணத்துக்கு மொத நாளுதான் நானே வூட்டுக்கு வந்தேன்."

உண்மையா? யாரிடம் விசாரிப்பது?

மார்ச் 9

முப்பத்தொரு படத்தையும் வெட்டாமல் மறுபடி ஏற்றினேன்.

மார்ச் 10

கம்பெனியிலிருந்து ஒற்றை வரி மெயில். தளம் தப்பியது.

மார்ச் 19

சிங்காரவேலு ஒரு படம் அனுப்பியிருக்கிறான், கேட்காமலே. ஆள் இல்லாத கொள்ளிடம், மணலில் ஒரு கேமரா ஸ்டாண்ட். கூடவே, "கம்பெனிது இல்ல, என்னோடது. போட்டுக்க."

பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் பெயர் இல்லை. மறந்துவிட்டானா? சோதிக்கிறானா?

படத்தை ஏற்றினேன். கீழே நானே அடித்தேன் — படம்: சிங்காரவேலு, அரியலூர்.