ஓடாத எஞ்சினின் தொட்டி

என் ஆசை மாப்ள சொக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உன் அக்கா இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கும் சேர்த்தே உலை வைத்துவிடுகிறாள். பிறகு நினைவு வந்து அப்படியே நின்றுவிடுகிறாள். இந்த வருஷம் அணை நிரம்பிவிட்டது. நான் இன்னமும் அதே சர்க்கார் படகைத்தான் ஓட்டுகிறேன். ஓட்டும்போதெல்லாம் அந்த ஒரு நாள் கண்முன்னே வந்துவிடுகிறது.

படகுக்கு இரண்டு டீசல் எஞ்சின், ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி. மராமத்து முடிந்து வந்ததிலிருந்து வலது தொட்டி மட்டும் சீக்கிரம் சீக்கிரம் காலியானது. எஞ்சின் இரண்டும் ஒரே மாதிரி, ஓடிய நேரமும் ஒன்றுதான். புதிதாக வந்த அதிகாரி எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்: "எஞ்சின் குடிக்கலைன்னா டீசலை யாருய்யா குடிச்சா?" வேலையை விட்டு எடுப்பதுவரை பேச்சுப் போனது. வீட்டில் உன் அக்காவே ஒருநாள் அடுப்பைப் பார்த்தபடி, "நெசமாவே நீங்க எடுக்கலைதான?" என்றாள்.

உனக்குத் தந்தி அடித்தவளும் அவள்தான். திருநகரில் பம்புசெட் எஞ்சின் பார்க்கிறவனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். கிணற்றில்கூட இறங்கிப் பழகாதவன் நீ. படகில் ஏறும்போது உன் கால் நடுங்கியதைப் பார்த்தேன்.

முதலில் ஒன்றுதான் கேட்டாய். "ரெண்டு தொட்டியையும் சேத்துப் பாத்தா எம்புட்டு ஆகுது மச்சான்?"

சேர்த்துப் பார்த்தால் செலவு பழைய அளவுதான். அதுவரை யாருமே சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

அதிகாரியையும் ஏறச் சொன்னாய். நடு அணைக்குப் போனதும், "இடது எஞ்சினை நிறுத்துங்க மச்சான், வலதை மட்டும் ஓட்டுங்க" என்றாய். ஒரு கை கைப்பிடியை விடவே இல்லை. மறு கையால் இடது தொட்டியின் பக்கத்திலிருந்த கண்ணாடிக் குழாயில், டீசல் நின்ற மட்டத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டாய்.

"ஐயா, இதைய மட்டும் பாத்துக்கிட்டே இருங்க."

அப்படியே அரைமணி நேரம் ஓட்டினேன். ஓடாத எஞ்சினின் தொட்டியில் டீசல் அந்தக் கோட்டைத் தாண்டி ஏறியது. ஒரு விரல்கடை, பிறகு இரண்டு. மாப்ள, எனக்கு ஊற்றே இல்லாத இடத்தில் ஊற்றுக் கண் திறந்ததைப் பார்த்த மாதிரி இருந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"எஞ்சினுக்குப் போற டீசல் அம்புட்டும் எரியாதுங்கய்யா. மிச்சம் தொட்டிக்கே திரும்பும். மராமத்துல வலது எஞ்சினோட ரிட்டன் பைப்பை இடது தொட்டியில மாட்டிட்டாக. ஒருத்தரும் திருடலை."

கடைசி வார்த்தையில் உன் குரல் உடைந்தது. அதிகாரி என் தோளில் கை வைத்தார். உன் காரியத்துக்கு அவர் வந்திருந்தார், தெரியுமா? பந்தல் ஓரத்தில் கடைசிவரை நின்றுவிட்டுத்தான் போனார்.

ஆனாலும் ஒன்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஊர் கேட்டது, உன் அக்கா கேட்டாள். நீ மட்டும் "எடுத்தீகளா" என்று கேட்கவே இல்லை. தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவன், எதை நம்பி அவ்வளவு தூரம் வந்தாய்? உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தது.

செல்வி உன் பட்டறையை மூடமாட்டேன் என்கிறாள். பொம்பளைக்கு எஞ்சின் எதற்கு என்று சொந்தக்காரர்கள் வந்து வந்து சொல்கிறார்கள். "எம் புருஷன் செஞ்சதைப் பக்கத்துல நின்னு பாத்தவ நான்" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறாள். தை மாதம் எனக்கு வேலையிலிருந்து ஓய்வு, மாப்ள. மறுநாளே திருநகருக்கு வந்துவிடுவேன். உன் பெண்டாட்டி முதலாளி, நான் கையாள். அவள் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன். இது சத்தியம்.

உன் அக்காவைக் கட்டிய மச்சான்,
வேலுச்சாமி